பண்பாட்டு உடன்படிக்கை இருந்தும் திரை ஒதுக்கீடு பறிபோனது எப்படி?

2005 அக்டோபர் 20 அன்று பாரிஸில் நடந்த யுனெஸ்கோ பொது மாநாட்டில், பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்முகத்தன்மைக்கான உடன்படிக்கை 148 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டுமே. நான்கு நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. ஆதரித்த நாடுகளில் தென் கொரியாவும் ஒன்று. அதற்கடுத்த ஜனவரியிலேயே, திரையரங்குகள் உள்நாட்டுப் படங்களைக் கட்டாயம் ஓட்டவேண்டிய நாட்களை ஆண்டுக்கு 146இலிருந்து 73 ஆகக் குறைக்கப்போவதாகத் தென் கொரிய அரசு அறிவித்தது. அமெரிக்காவோடு தடையற்ற வர்த்தகப் பேச்சைத் தொடங்க அது முன்நிபந்தனையாக இருந்தது. திரைத்துறையினர் வீதியில் இறங்கிப் போராடியும் ஜூலை 1 முதல் குறைப்பு நடைமுறைக்கு வந்தது.

நாடு உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது, இனி நம் படத்துக்கும் பாட்டுக்கும் பாதுகாப்பு உண்டு என்று கலைத்துறையில் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இந்த நிம்மதிதான் ஆபத்து. உடன்படிக்கை எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பது அதன் பேச்சுவார்த்தையைப் பார்த்தால் விளங்கும்.

பேச்சுக்கு விதை போட்டது ஒரு வழக்கு. அமெரிக்க இதழ்கள் சில தங்கள் கட்டுரைகளை அப்படியே வைத்துக்கொண்டு, கனடா விளம்பரங்களை மட்டும் சேர்த்துக் கனடாவுக்கெனத் தனிப் பதிப்பு போட்டன. உள்ளூர் இதழ்களின் விளம்பர வருவாய் கரைந்தது. அந்த விளம்பரங்களின் மீது கனடா 80 விழுக்காடு வரி போட, அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டு 1997இல் வென்றது. பண்பாட்டுக்கென்று தனியாகச் சட்ட அரண் வேண்டும் என்று கனடாவும் பிரான்சும் முனைப்புக் காட்டியது இந்தப் பின்னணியில்தான். 2003இல் யுனெஸ்கோ பணியைத் தொடங்கியது. 15 வல்லுநர்கள் முதல் வரைவைத் தயாரித்தார்கள். 2004 செப்டம்பர் முதல் 2005 ஜூன் வரை அரசுகள் மூன்று சுற்றுப் பேசின. தலைமை வகித்தவர் தென்னாப்பிரிக்காவின் காதர் அஸ்மால்.

மோதல் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி நடந்தது. இந்த உடன்படிக்கையும் வர்த்தக ஒப்பந்தமும் முட்டிக்கொண்டால் எது நிற்கும்? வல்லுநர் வரைவு இரண்டு மாற்றுகளை முன்வைத்தது. பண்பாட்டுப் பன்முகத்தன்மைக்குக் கடும் சேதம் வரும் இடத்தில் மட்டும் பிற ஒப்பந்தங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது ஒன்று. பிற ஒப்பந்தங்களின் உரிமை, கடமை எதையும் தொடவே கூடாது என்றது மற்றொன்று. கடைசியில் வந்த 20ஆம் பிரிவு இரண்டையும் ஒட்டவைத்தது. அதன் முதல் பத்தி, இந்த உடன்படிக்கை வேறெந்த ஒப்பந்தத்துக்கும் கீழ்ப்பட்டதல்ல என்கிறது. இரண்டாம் பத்தி, வேறெந்த ஒப்பந்தத்தின் உரிமையையும் கடமையையும் இது மாற்றாது என்கிறது. வழக்கு என்று வரும்போது இரண்டாம் பத்தியே கனக்கிறது. போதாததற்கு, தகராறுக்கு இங்கே இருப்பது சமரசக் குழு மட்டும்தான். அதன் யோசனை யாரையும் கட்டுப்படுத்தாது. சேரும்போதே அந்த நடைமுறையும் வேண்டாம் என்று ஒரு நாடு அறிவித்துவிடலாம். உலக வர்த்தக அமைப்பிலோ தோற்ற நாடு விதியைத் திருத்த வேண்டும். இல்லையேல் பதிலடி வரும்.

சீனா இதை அனுபவித்தது. வெளிநாட்டு நூல், திரைப்பட இறக்குமதியை அரசு நிறுவனங்களுக்கு மட்டும் விட்டதை அமெரிக்கா எதிர்த்தபோது, இவை வெறும் சரக்கல்ல என்று வாதாடிய சீனா யுனெஸ்கோ ஆவணங்களையும் சுட்டிக்காட்டியது. 2009இல் தீர்ப்பு சீனாவுக்கு எதிராகவே வந்தது. 2012இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, வசூலில் ஒரு பங்கைத் தயாரிப்பு நிறுவனத்துக்குத் தரும் முறையில் ஆண்டுதோறும் அனுமதிக்கும் வெளிநாட்டுப் படங்களை 20இலிருந்து 34 ஆக உயர்த்தியது.

ஆக, இழப்பு நேர்வது வர்த்தக ஒப்பந்தத்தின் இணைப்புப் பட்டியலில், அதாவது எந்தத் துறையைத் திறக்கிறோம், எதை விலக்குகிறோம் என்று ஒவ்வொரு நாடும் எழுதித் தரும் பட்டியலில். நியூசிலாந்து 1994இல் உலக வர்த்தக அமைப்பின் சேவை வணிக ஒப்பந்தத்தில் திரைப்படம், தொலைக்காட்சி அடங்கிய ஒலி-ஒளித் துறையைத் தாராளமாகத் திறந்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சியில் உள்நாட்டு நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கீடு கொண்டுவர நினைத்தபோது அந்த வாக்குறுதி குறுக்கே நின்றது. விருப்ப இலக்குகளோடு திருப்தியடைய வேண்டியதாயிற்று. அதே ஒப்பந்தத்தில் இந்தியா திரைப்பட விநியோகத்தை மட்டும், ஆண்டுக்கு 100 படங்கள் என்ற வரம்போடு பட்டியலில் போட்டது. எழுதாத துறைகளில் கை கட்டப்படவில்லை.

இது எழுதியதை மட்டும் திறக்கும் முறை. இப்போதைய ஒப்பந்தங்கள் பலவற்றில் தலைகீழ் முறை: விலக்கு என்று எழுதாத எல்லாமே திறந்ததாகிவிடும். அந்த விலக்குகளை எழுத இரண்டு இணைப்புகள் உண்டு. இன்று நடப்பிலுள்ள விதிகளுக்கு ஒன்று. நாளை புதிதாக விதி போடும் உரிமைக்கு இன்னொன்று. முதல் இணைப்பில் சேர்த்த விதியைத் தளர்த்தலாம், மறுபடி இறுக்க முடியாது. கொரியாவின் 73 நாள் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. இனி அதை 74 ஆக்கவும் வழியில்லை. கலைத்துறை சங்கங்கள் கேட்க வேண்டியது இரண்டாம் இணைப்பைத்தான். அதுவும் ‘திரைப்படம்’ என்று குறுக்காமல், இணையவழி ஒளிபரப்பு, இசைச் சேவை, இனி வரப்போகும் வடிவங்கள் எல்லாம் அடங்கும்படி கேட்க வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது மின்வணிக அத்தியாயம். பலரும் புரட்டாமல் விடும் பகுதி அது. ‘டிஜிட்டல் பொருள்’ என்ற வரையறைக்குள் காணொளி, பாட்டு, மின்னூல் எல்லாம் வந்துவிடும். உள்நாடு, வெளிநாடு என்று பாகுபாடு கூடாது என்ற ஒரு வரி அங்கே இருந்தால், சேவைப் பட்டியலில் வாங்கிய விலக்கு இணையத்தில் செல்லாமல் போகலாம். விலக்கு அந்த அத்தியாயத்துக்கும் பொருந்தும் என்று தனியே எழுதச் சொல்லுங்கள். எழுதிய விலக்குக்கும் விலை இருக்கலாம். அமெரிக்கா, மெக்சிகோவோடு கனடா செய்த ஒப்பந்தம் பண்பாட்டுத் துறைக்கு விலக்கு தருகிறது. ஆனால் அதைப் பயன்படுத்தினால் சம அளவு வணிகப் பதிலடி கொடுக்க மற்றவர்களுக்கு உரிமை உண்டு.

உடன்படிக்கையால் பயனே இல்லை என்று சொல்வது தவறு. மானியம், ஒதுக்கீடு, பொது ஒளிபரப்பு போன்றவை ஓர் அரசின் நியாயமான உரிமை என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. பேச்சு மேசையில் விலக்கு கேட்க அதுவே ஆதாரம். வளரும் நாடுகளின் கலைஞர்களுக்கு வளர்ந்த நாடுகள் முன்னுரிமை தரவேண்டும் என்னும் 16ஆம் பிரிவும் வலுவானது. கரீபிய நாடுகளோடு 2008இல் போட்ட ஒப்பந்தத்தில் ஐரோப்பிய ஒன்றியம் பண்பாட்டு ஒத்துழைப்புக்கெனத் தனி நெறிமுறையே சேர்த்தது. விசா மட்டும் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் கையில்தான் இருந்தது. பல கலைக்குழுக்களின் பயணம் தடைப்படுவது அங்கேதான்.

இந்தியா 2006 டிசம்பரில் உடன்படிக்கையை ஏற்றது. ஒவ்வொரு உறுப்பு நாடும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை யுனெஸ்கோவுக்கு அறிக்கை தரவேண்டும். 11ஆம் பிரிவின்படி அதில் குடிமைச் சமூகத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் வர்த்தகப் பட்டியல் தயாராவது வணிக அமைச்சகத்தில். பேச்சு தொடங்குவதாகச் செய்தி வந்த வாரத்திலேயே சங்கத்தின் கடிதம் அங்கே போய்ச்சேர வேண்டும். எந்த விதி இன்று நடப்பில் இருக்கிறது, எந்த விதி நாளை தேவைப்படலாம், எந்த இணைப்பில் என்ன வாசகம் வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். பட்டியல்கள் கைமாறிய பிறகு ஒரு விலக்கைச் சேர்க்க வேண்டுமென்றால், வேறொரு துறையை விட்டுக்கொடுத்துத்தான் வாங்க முடியும்.