நூறு கல் எண்ணாமல் ஆற்றைப் பற்றி எழுதாதீர்கள்

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆற்றுச் சீரமைப்புத் திட்டத்தின் வரைவு என் கைக்கு வந்தது. தண்ணீரின் தரத்துக்குப் பதினோரு பக்கம். ஆற்றின் உடம்புக்கோ ஒரே வரி: “படுகை: மணலும் பாறையும்.” மீன் குடியிருப்பது அந்த ஒரு வரிக்குள்தான்.

திருப்புடைமருதூரில் கடனாநதி தாமிரபரணியோடு சேர்கிறது. மருதமரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டும் இடம். 2005-ல் பறவைகளுக்கான காப்பிடமாக அறிவித்தார்கள். கரையில் நின்று பார்த்தால் இரண்டு தண்ணீரும் ஒன்றாகத்தான் தெரியும். இறங்கி நடந்தால்தான் வித்தியாசம் காலுக்குப் புரியும்.

அந்த வித்தியாசத்தை அளக்க நாங்கள் செய்வது எளிய வேலை. நீர் ஓடும் அகலத்தைப் போல் 40 மடங்கு நீளம், குறைந்தது 150 மீட்டர், அளந்துகொள்கிறோம். அதற்குள் கசம், அதாவது ஆழமான மடு, எத்தனை, கல்லில் சலசலத்து ஓடும் இடம் எத்தனை, சத்தமில்லாமல் நழுவும் ஓட்டம் எவ்வளவு என்று குறிக்கிறோம். பிறகு கல் எண்ணுவது. ஓர் அடி வைத்து, கீழே பார்க்காமல் கட்டைவிரல் நுனியில் முதலில் தட்டுப்படும் கல்லை எடுக்க வேண்டும். பார்த்து எடுத்தால் கை அழகான கல்லுக்குத்தான் போகும்! நீளத்தையும் தடிமனையும் விட்டுவிட்டு நடு அளவை எழுத வேண்டும். 2 மில்லிமீட்டருக்குக் கீழே மணல், 64 வரை சரளை, 256 வரை உருண்டைக் கல், அதற்கு மேல் பாறாங்கல். இப்படி நூறு கல். அமெரிக்க ஆற்றியல் அறிஞர் வோல்மன் 1954-ல் எழுதிவைத்த முறை இது. இன்றைக்கும் இதைவிட மலிவான கருவி கிடையாது.

எடுக்கும்போதே கல்லின் நிறத்தையும் பாருங்கள். மேல்பாதி பாசிபிடித்துப் பச்சையாக, கீழ்ப்பாதி வெளிறி இருந்தால் அந்தக் கல் பாதி சேற்றில் புதைந்து கிடந்தது என்று அர்த்தம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்துதான் பூச்சிப்புழுக்களுக்கு வீடு, பல மீன்களின் முட்டைக்குத் தொட்டில். சந்து அடைந்துபோனால் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தும் பயனில்லை.

கடனாநதி போல வந்து சேரும் துணையாற்றைத் தனியாக எழுதுங்கள் என்பேன். அதற்குக் காரணம் உண்டு. மலையிலிருந்து சரளையையும் சருகையும் விழுந்த மரத்தையும் கொண்டுவந்து கொட்டுவது அதுதான். கடனாவின் குறுக்கே 85 அடி அணை இருக்கிறது. அணை தண்ணீரைத் திறந்துவிடும், கல்லைத் திறந்துவிடாது. புதுக் கல் வராத ஆறு, இருக்கிற சரளையையும் வெள்ளத்தில் இழந்துகொண்டே போகும். மழைக்கு மீன் ஏறிவருவதும் இப்படிப்பட்ட சிற்றாறுகளுக்குள்தான். அப்போது வேரடிக் குடைவும் மரநிழலும் இருக்கின்றனவா என்பது பெரிய கேள்வி.

தூர்வாருகிறோம் என்று பொக்லைன் இறக்கிச் சமன்செய்வதை நான் ஏற்கவில்லை. தண்ணீரை மூடும் அமலைச்செடியை அள்ளுங்கள், குப்பையை அள்ளுங்கள், சரி. மேடுபள்ளத்தை நிரவினால் மிச்சமிருப்பது வாய்க்கால்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஓரிடத்தில் வலைவீசும் பெரியவர் ஒருவரிடம் ஆழம் கேட்டேன். “ஆனை முங்குற கசம்லா தம்பி இது” என்றார். கோலை இறக்கினேன். 70 சென்டிமீட்டரில் மணல் தட்டியது. அவர் கோலை வாங்கி இன்னும் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தார்.