பக்கற்றில் திகதி இருக்கிறது, வெப்பம் இல்லை

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ சூப்பர் மார்க்கட்டுக்குள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும், பக்கற்றைத் திருப்பித் திகதி பார்க்காமல் கூடைக்குள் போடுகிறவர்கள் இப்போது குறைவு. முன்பு கடைக்காரர் நிறுத்துச் சரையில் சுற்றித் தந்த காலத்தில் திகதி பார்க்க இடமே இருக்கவில்லை. ஆகவே இது நல்ல பழக்கம்தான். ஆனால் எங்கள் வெயிலுக்கு அது மட்டும் போதாது. அச்சடித்த அந்தத் திகதிக்குப் பின்னால், "சொன்ன வெப்பநிலையில் வைத்திருந்தால்" என்றொரு நிபந்தனை இருக்கிறது. திகதியைப் பெரிதாகப் போடுகிறார்கள். நிபந்தனை சிறிய எழுத்தில் ஒரு மூலையில் கிடக்கும்.

அந்தத் திகதியை எப்படி முடிவு செய்கிறார்கள்? ஒரு புதிய பிஸ்கற்றையோ பால்மாவையோ சந்தைக்கு விடுவதற்கு முன், அதன் மாதிரிகளை வெப்பநிலை மாறாத அறைகளில் அடுக்கி வைப்பார்கள். இடைக்கிடை எடுத்து, நுண்ணங்கிகள் எத்தனை, புளிப்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு ஒட்சியேறியிருக்கிறது என்று அளப்பார்கள், சுவைத்தும் பார்ப்பார்கள். தரம் எப்போது எல்லைக்குக் கீழே இறங்குகிறதோ அதற்குக் கொஞ்சம் முந்திய நாளைக் காலாவதித் திகதியாக எடுப்பார்கள். இரண்டு வருடம் இருக்கக்கூடிய பொருளுக்காக இரண்டு வருடம் காத்திருக்க முடியாது. அதனால் கூடிய வெப்பத்தில் வைத்து விரைவாகப் பழுதடையச் செய்து, அதிலிருந்து கணக்குப் போடுவதும் உண்டு. சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் சுவாந்தே அரேனியஸ் 1889இல் முன்வைத்த சமன்பாடுதான் அந்தக் கணக்குக்கு அடிப்படை. வெப்பநிலை ஏற ஏற இரசாயனத் தாக்கத்தின் வேகம் மடங்கு மடங்காகக் கூடும். உணவுகளில் பொதுவாக 10 பாகை ஏறினால் வேகம் இரண்டு மடங்காகும், சிலவற்றில் மூன்று மடங்கும் ஆகும்.

இதை வன்னிக்குப் பொருத்திப் பாருங்கள். 25 பாகை செல்சியஸில் 12 மாதம் என்று கணித்த பொருள் தொடர்ந்து 35 பாகையில் கிடந்தால், இரண்டு மடங்கு வேகம் என்று வைத்தாலே 6 மாதத்தில் அதே நிலைக்கு வந்துவிடும். திகதி மட்டும் அப்படியே இருக்கும். கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வருகிறது. மதியத்தில் ஏ9 வீதியோரம் தார்ப்பாய் மூடிய லொறி நிற்கும்போது உள்ளே எவ்வளவு சூடாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அப்புறம் தகரக் கூரை போட்ட களஞ்சியம். ஆகக்கூடுதலாக அடிபடுவது கொழுப்புள்ள பொருட்கள். பால்மா, பிஸ்கற், மிக்சர், வறுத்த கச்சான் எல்லாவற்றிலும் கொழுப்பு ஒட்சிசனோடு தாக்கமடைந்து காறிப்போகும். பால்மாப் பக்கற்றுக்குள் நைதரசனை அடைத்து ஒட்சிசனை வெளியேற்றுவது இதைத் தடுக்கத்தான். எங்காவது ஓர் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பக்கற்றை மெல்ல அழுத்திப் பார்த்து, காற்று சீறுகிறதா என்று கவனிப்பது வீண் வேலை இல்லை.

பொருள் பட்ட வெப்பத்தைப் பொருளே காட்டும்படி செய்ய முடியாதா? முடியும், செய்தும் இருக்கிறார்கள். 1996இல் போலியோச் சொட்டு மருந்துக் குப்பிகளில் ஒரு சிறிய அடையாளம் ஒட்டத் தொடங்கினார்கள். ஒரு வட்டம், அதற்குள் வெளிறிய ஒரு சதுரம். குப்பி படும் வெப்பம் சேரச் சேரச் சதுரம் கறுத்துக்கொண்டு போகும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. திரும்பக் குளிரில் வைத்தாலும் கறுத்த சதுரம் வெளுக்காது. உணவுக்கும் இப்படிப்பட்ட காட்டிகள் உண்டு, ஆனால் நாங்கள் வாங்கும் பக்கற்றுகளில் அவற்றைக் காண முடிவதில்லை. ஆகவே அடையாளத்தைப் பொருளிலேயே தேட வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பழகினால் அது அவ்வளவு கடினம் இல்லை.

குளிர்ப்பெட்டியில் இருக்கும் யோகட்டில் தொடங்கலாம். கப்பின் மேலுள்ள தகட்டு மூடியைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள். மட்டமாகவோ கொஞ்சம் உள்வாங்கியோ இருந்தால் சரி. மேலே உப்பியிருந்தால் உள்ளே மதுவம் வேலை செய்கிறது. யோகட்டின் புளிப்பில் பெரும்பாலான கெட்ட பற்றீரியாக்களுக்கு வளர முடியாது, மதுவத்துக்கு அந்தப் புளிப்பு ஒரு பொருட்டில்லை. சீனியை உண்டு காபனீரொட்சைட்டை வெளிவிடும். 5 பாகைக்குக் கீழே அது மிக மெதுவாகத்தான் நடக்கும். குளிர் போன கப்பில் மளமளவென்று நடக்கும். திகதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்க மூடி உப்பியிருக்கிறது என்றால், ஆலையிலேயே மதுவம் புகுந்திருக்கலாம், அல்லது அந்தக் கப் எங்கேயோ வெயில் பட்டிருக்கலாம். எதுவானாலும் வாங்காதீர்கள். மேலே கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் நிற்பது வேறு விடயம். அது பாலின் ஊனீர். குலுக்கலில் பிரிந்திருக்கும், அதனால் கெடுதல் இல்லை.

சொசேஜஸ் பக்கற்றில் பார்க்க வேண்டியது உள்ளே கசிந்திருக்கும் நீரை. தெளிவாக இருந்தால் பரவாயில்லை. பால்போலக் கலங்கி, தொட்டால் வழவழப்பாக, பக்கற்றும் காற்றடைத்திருந்தால் இலக்றிக் அமில பற்றீரியாக்கள் பெருகிவிட்டன. குளிரூட்டிய கோழி இறைச்சியில் வழவழப்பை உண்டாக்குவது பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா. அது குளிரிலும் வளரக்கூடியது. அதனால்தான் குளிரூட்டிய கோழிக்குச் சில நாட்கள்தான் திகதி போடுகிறார்கள். குளிர் பற்றீரியாவைக் கொல்வதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். உகந்த சூட்டில் சில பற்றீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் ஒன்றே ஒன்று 7 மணித்தியாலத்தில் 20 இலட்சத்தைத் தாண்டிவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, ஜெனரேற்றர் இல்லாத கடைகளின் குளிர்ப்பெட்டிகளுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை இந்தக் கணக்கே சொல்லும். இரவில் மின்கட்டணத்துக்குப் பயந்து குளிர்ப்பெட்டியை நிறுத்திக் காலையில் திரும்பப் போட்டாலும் இதேதான். காலையில் கப்பைத் தொட்டால் குளிராகத்தான் இருக்கும்.

உறைபெட்டி, அதாவது -18 பாகையில் இருக்க வேண்டிய பெட்டி, இந்த விடயத்தில் நேர்மையானது. ஒருமுறை உருகினால் அதை மறைக்க அதற்குத் தெரியாது. ஐஸ்கிறீம் நல்லபடி இருக்கும்போது அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பனித்துகள்களும் காற்றுக் குமிழ்களும் சீராகக் கலந்திருக்கும். உருகினால் குமிழ்கள் உடைந்து காற்று போய்விடும். திரும்ப உறையும்போது சிறிய துகள்கள் சேர்ந்து பெரிய பளிங்குகளாகும். அதனால்தான் சில பெட்டிகளைத் திறந்தால் ஐஸ்கிறீம் ஓரத்தை விட்டு விலகிச் சுருங்கியிருக்கும், நாக்கில் மணல்போல் நறநறக்கும். கடையில் திறந்து பார்க்க முடியாது, சரி. பெட்டியின் மூடி விளிம்பில் வடிந்து உறைந்த கறை இருக்கிறதா என்று பார்க்கலாம். உறைந்த பட்டாணிப் பக்கற்றைக் குலுக்கினால் மணிகள் தனித்தனியே உருள வேண்டும். கட்டியாக இருந்தால் உருகி ஒட்டியிருக்கிறது. உறைந்த கோழியில், பொதியின் ஒரு மூலையில் இளஞ்சிவப்பு நீர் தேங்கிப் பனியாகி நிற்கிறதா என்று பாருங்கள். கோழி எந்தப் பக்கம் சரிந்து கிடந்து உருகியது என்பதைக்கூட அது காட்டும்.

மேலே திறந்த உறைபெட்டிகளின் உட்சுவரில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதற்கு மேலே சாமான் அடுக்கக் கூடாது. குளிர்காற்று பாரம் கூடியது, கிணற்றில் தண்ணீர் நிற்பதுபோல் பெட்டிக்குள் அந்தக் கோடு வரை நிற்கும். கோட்டுக்கு மேலே குவித்து வைத்தவை கடையின் காற்றில்தான் இருக்கின்றன. எடுப்பதென்றால் கீழிருந்து எடுங்கள்.

பாண் விடயத்தில் எல்லோரும் பூஞ்சணத்தைத் தேடுவார்கள், பச்சையாகவோ கறுப்பாகவோ தெரிந்தால் விட்டுவிடுவார்கள். தெரிகிற இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது சரியில்லை, அதன் இழைகள் உள்ளே தூரம் போயிருக்கும். ஆனால் எங்கள் வெக்கைக்கே உரிய இன்னொரு பழுதும் பாணில் உண்டு, அதைப் பலர் அறிவதில்லை. மாவில் இருக்கும் பசிலஸ் வகைப் பற்றீரியாவின் வித்திகள், அதாவது அது உறங்கிக் கிடக்கும் வடிவம், போறணைச் சூட்டிலும் சாவதில்லை. வெளிப்பக்கம் எவ்வளவு சூடேறினாலும் பாணின் நடுப்பகுதி 100 பாகையைத் தாண்டாது. வெந்த பாண் 35, 40 பாகைச் சூட்டில் பொலித்தீனுக்குள் கிடக்கும்போது அந்த வித்திகள் முளைத்து, பாணின் மாப்பொருளையும் புரதத்தையும் கரைக்கத் தொடங்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழுத்து அடங்கிப்போன அன்னாசியின் மணம் வரும். நடுவில் பிய்த்து மெதுவாக இழுத்தால் சிலந்தி நூலாக நீளும். இதைத் தடுக்கத்தான் வினாகிரியோ கல்சியம் புரொப்பியனேற்றோ சேர்க்கிறார்கள். பாணில் அன்னாசி மணம் வந்தால் மாட்டுக்கும் கோழிக்கும்கூடப் போடாமல் எறிந்துவிடுவது நல்லது.

ரின்மீன் வாங்கும்போது பேணியின் இரண்டு முனைகளையும் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அசையக் கூடாது. உப்பியிருந்தாலோ, அழுத்தினால் ‘டிக்’ என்று உள்ளே போய்த் திரும்ப வந்தாலோ உள்ளே வாயு உண்டாகியிருக்கிறது. தக்காளி, அன்னாசி போன்ற புளிப்பான உணவுகளில் அமிலம் தகரத்தோடு தாக்கமடைந்து வரும் ஐதரசனாகவும் இருக்கலாம், குளொஸ்திரிடியம் பற்றீரியாவின் வேலையாகவும் இருக்கலாம். அந்தக் குடும்பத்தில் ஒன்று பொட்யூலினம். அதன் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். அந்தப் பற்றீரியாவைக் கொல்லத்தான் ஆலையில் 121 பாகையில் பேணிகளைச் சூடாக்குகிறார்கள். வெளியே நின்று எந்த வாயு என்று பிரிக்க முடியாது என்பதால் உப்பிய பேணியைத் திறக்கவும் வேண்டாம், ருசி பார்க்கவும் வேண்டாம். மூட்டு ஓரத்தில் நெளிந்த பேணியும் வேண்டாம். தகரக் கூரைக் களஞ்சியங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 121 பாகையையும் தாங்கும் சில வித்திகள் சாதாரண வெப்பத்தில் வளர்வதில்லை, அதனால் அவை இருந்தாலும் பேணி பழுதில்லை என்றே கொள்வார்கள். களஞ்சியம் 45 பாகையைத் தாண்டினால் அவை விழித்துக்கொள்ளும். வாயு உண்டாக்காமலே உள்ளிருப்பதைப் புளிக்க வைக்கும். பேணி உப்பாது, திறந்தால்தான் தெரியும்.

கண்ணும் மூக்கும் கைவிடும் இடங்களும் உண்டு. சூரை, கும்பளா, சூடை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடீன் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. பிடித்த பின் உடனே ஐஸில் போடாவிட்டால் பற்றீரியாக்கள் அதை ஹிஸ்டமீனாக மாற்றிவிடும். மீன் நாறும் முன்பே இது நடக்கலாம். அப்புறம் உறைய வைத்தாலும், கறி வைத்தாலும், பேணியில் அடைத்தாலும் ஹிஸ்டமீன் அழியாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, நாக்கு எரிந்து, தலையிடி வந்தால் அதை ‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விட்டுவிடுகிறோம். பல தடவை அது மீன் பட்ட வெயிலின் விளைவு.

மற்றது கச்சான். எங்கள் மண்ணில் விளைவது, எல்லோர் வீட்டிலும் சாப்பிடுவது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்தபோது அவற்றின் தீனியில் இருந்த கச்சான் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அப்படித்தான் அஃப்ளற்றொக்சின் என்ற நஞ்சு தெரியவந்தது. ஈரலில் புற்றுநோயை உண்டாக்குவது. வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. சரியாகக் காயாத கச்சானில், அல்லது காய்ந்த பின் ஈரம் பட்ட கச்சானில் அது உண்டாகும். பக்கற் கண்ணாடிபோல இருந்தால் பருப்பைப் பாருங்கள்: சுருங்கியது, நிறம் மாறியது, பூத்தது இருந்தால் வைத்துவிடுங்கள். வீட்டில் சாப்பிடும்போது ஒரு பருப்பு கைத்தால் விழுங்காமல் துப்புங்கள். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள்.

திகதியையே மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பொதிகளில் திகதி பெரும்பாலும் புள்ளி புள்ளியாகத் தெளிக்கும் மையில் அச்சாகிறது. பளபளப்பான தாளில் அதைத் தின்னர் தொட்டு அழிக்கலாம், ஆனால் சுற்றிவர மங்கலும் மினுக்கம் போன தடமும் நிற்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். ஸ்ரிக்கருக்கு மேல் ஸ்ரிக்கர் இருந்தால் மேலதை நம்பாதீர்கள். இந்தியப் பொதிகள் சிலவற்றில் முடிவுத் திகதியே இருக்காது, பொதிசெய்த நாளிலிருந்து இத்தனை மாதம் என்று மட்டும் இருக்கும். விரல் விட்டு எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

காலாவதியான பொருளை விற்பனைக்கு வைப்பதே சட்டப்படி குற்றம். பழுதான பொருள் கையில் கிடைத்தால் பில்லோடு வைத்திருங்கள், எறிந்துவிட்டுப் போய்ச் சொன்னால் ஆதாரம் இருக்காது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். பக்கத்தில் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கொடுக்கலாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் கடையைப் பரிசோதிக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. குளிரில் இருக்க வேண்டிய பொருளென்றால் ஐஸோடு கொண்டுபோங்கள். வெறும் பையில் வெயிலில் போனால், பழுது கடையில் நடந்ததா வழியில் நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும்.