மணலில் சக்கரம் ஏன் புதைகிறது?

ராமேசுவரத்துக்கு அருகே விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் நின்று காற்றின் விசையால் கடலில் விரையும் விளையாட்டு) பழகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: சாலை முடியும் இடத்திலிருந்து கடல்வரை ஏறத்தாழ இருநூறு மீட்டருக்குப் பொடிமணல், பலகை, பாய், பாய்மரம், பாயைப் பிடித்துக்கொள்ளும் குறுக்குக்கம்பியான பூம் எல்லாம் சேர்ந்து இருபது கிலோவுக்குக் குறையாது, ரயில் நிலையத்தில் பெட்டி இழுக்கும் டிராலியில் கட்டி இழுத்தால் பத்தடி போவதற்குள் சக்கரம் புதைந்துவிடுகிறது, சக்கரத்தை அகலமாக்கினால் போதுமா?

அகலமாக்கினால் ஓரளவு பலன் உண்டு. ஆனால் சக்கரத்தை உயரமாக்குவதில் பலன் அதிகம். டயரின் காற்றைக் குறைப்பதில் அதைவிடவும் அதிகம். ஏன் அப்படி என்பதைப் பார்த்துவிட்டால், எந்த வண்டியை வாங்கலாம், எதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

சுமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1960களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் இந்த விளையாட்டு உருவானபோது பலகை பன்னிரண்டடி நீளமும் ஏறத்தாழ 27 கிலோ எடையும் கொண்டிருந்தது. இன்றைய பலகைகள் பலவும் இரண்டரை மீட்டருக்குள் அடங்குகின்றன; பாய்மரமும் இரண்டாகக் கழன்றுவிடுகிறது. எனவே வண்டியின் நீளம் ஒரு சிக்கலே அல்ல. சிக்கல் முழுவதும் சக்கரமும் மணலும் தொடும் அந்தச் சில சதுர அங்குலங்களில்தான் இருக்கிறது.

உலர்ந்த மணலுக்கு ஒட்டும் தன்மை கிடையாது. ஒரு துகள் இன்னொன்றின் மீது நழுவாமல் நிற்பதற்கு உராய்வு ஒன்றே காரணம். உராய்வோ, துகள்களை அழுத்தும் விசைக்கு ஏற்பக் கூடும் அல்லது குறையும். மேற்பரப்பில் கிடக்கும் துகளை அழுத்துவதற்கு அதற்குமேல் எதுவும் இல்லாததால் அங்கே மணலுக்கு வலிமை ஏறத்தாழ இல்லவே இல்லை. கீழே போகப்போக அது ஏறிக்கொண்டே வரும். அரிசி மூட்டைக்குள் கையை நுழைத்தவர்களுக்கு இது தெரியும்: விரல் எளிதாக இறங்கும், மணிக்கட்டு மறைவதற்குள் அரிசி இறுகிவிடும். சக்கரமும் அப்படித்தான், தன்மீதுள்ள எடையைத் தாங்கக்கூடிய ஆழம் கிடைக்கும்வரை இறங்குகிறது.

நின்ற இடத்தில் இறங்குவதால் பெரிய தொல்லை இல்லை. உருளத் தொடங்கும்போதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. ரப்பர் விரிப்பின்மீது ஒரு சக்கரம் உருண்டால், முன்பக்கம் அழுந்திய ரப்பர் பின்பக்கம் மேலெழுந்து சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும். அழுத்தச் செலவான ஆற்றலில் பெரும்பகுதி அதனால் திரும்பக் கிடைத்துவிடும். மணல் அப்படித் திருப்பித் தருவதில்லை. அழுந்திய மணல் அழுந்தியபடியே கிடக்க, சக்கரத்தின் பின்பாதி எதையும் தொடாமல் தடத்தின்மேல் வெறுமனே நகர, எடை முழுவதையும் முன்பாதி மட்டுமே தாங்குகிறது. முன்பாதியைத் தாங்கும் விசை நேர்மேலாக இருக்க முடியாது. அது பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் நம் தோளில் இழுவையாக உறைக்கிறது. சமதளமான கடற்கரையிலும் சக்கரம் ஓயாமல் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த மேடு, அது புதைந்ததால் அதன் முன்னாலேயே உருவான மேடு.

மேடு எவ்வளவு செங்குத்து என்பதைப் பள்ளி வடிவியலே சொல்லிவிடும். வாசகரின் டிராலிச் சக்கரம் 10 செ.மீ. விட்டம் என்றும், அது 2.5 செ.மீ. புதைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் அடிப்புள்ளியிலிருந்து மணலை அது முதலில் தொடும் புள்ளிக்குக் கோடு வரைந்தால் அதன் சாய்வு 30 பாகை. தளர்ந்த மணற்குவியல் சரியாமல் நிற்கும் கோணமே ஏறத்தாழ அவ்வளவுதான். அதே 2.5 செ.மீ. புதைவுக்கு 40 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தில் சாய்வு 15 பாகையைத் தொடாது. அதோடு பெரிய சக்கரத்தின் தொடும் நீளம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுவதால், அதே சுமைக்கு அது 2.5 செ.மீ. புதையவே தேவையில்லை. ஆக, சாய்வு குறைகிறது, புதைவும் குறைகிறது.

இதை முறையான கணக்காக மாற்றியவர் போலந்தைச் சேர்ந்த பொறியாளர் பெக்கர். போருக்குப் பின் வட அமெரிக்காவில் பணியாற்றிய அவர், இழுக்கத் தேவைப்படும் விசை என்பது தடத்தை அழுத்தி உருவாக்கச் செலவாகும் வேலையே என்று எடுத்துக்கொண்டு சமன்பாடுகளை அமைத்தார். உலர்மணலுக்கு அவற்றைப் போட்டுப் பார்த்தால், கெட்டிச் சக்கரத்தின் அகலத்தை இரட்டிப்பாக்கும்போது இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. விட்டத்தை இரட்டிப்பாக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. சுமையைப் பாதியாக்கினால் இழுவை பாதிக்கும் கீழே, பத்தில் நான்கு பங்காகிவிடுகிறது. சிறிய சக்கரங்களுக்கு இக்கணக்கு அத்தனை துல்லியமாகப் பொருந்தாது என்றாலும் போக்கு மாறுவதில்லை. 1971இல் அப்போலோ 15 பயணத்தில் நிலவில் ஓடிய ஊர்தியின் உருவாக்கத்தில் பெக்கருக்கும் பங்கு உண்டு. அதன் கம்பிவலைச் சக்கரங்கள் ஏறத்தாழ 82 செ.மீ. உயரமும் 23 செ.மீ. அகலமும் கொண்டவை.

டயர் மென்மையானதாக இருந்தால் கதை இன்னும் நல்லதாக மாறுகிறது. டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் மணல் தாங்கக்கூடிய அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்குமானால், மணலுக்குப் பதிலாக டயர் தட்டையாகிறது. மணலைப்போல் அல்லாமல் டயர் தன் வடிவத்துக்கு மீண்டு, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பியும் தருகிறது. கடற்கரை வண்டிகளுக்கென்றே விற்கப்படும் பாலியூரித்தேன் பலூன் சக்கரங்களில் 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அளவுக்குத்தான் காற்று இருக்கும். கார் டயரில் 30க்கு மேல். வண்டியோடு சேர்த்து 25 கிலோ என்றால், 3 பிஎஸ்ஐ டயர்கள் இரண்டும் மணலைத் தொடும் பரப்பு ஒவ்வொன்றுக்கும் 60 சதுர செ.மீ. அளவு வரும்; மணல்மீது விழும் அழுத்தம், நடக்கும்போது ஒற்றைக்காலில் நாம் கொடுக்கும் அழுத்தத்தைவிடக் குறைவாகவே இருக்கும். சோதிப்பதும் எளிது. வண்டியை இழுத்துச் சென்றபின் திரும்பிப் பாருங்கள்: சக்கரத்தடம் உங்கள் காலடித் தடத்தைவிட ஆழமாக இருந்தால் காற்று அதிகம், அல்லது சக்கரம் சிறியது.

வழியைத் தேர்ந்தெடுப்பதிலும் இயற்பியல் உண்டு. அலை வந்து திரும்பும் விளிம்புக்குச் சற்று மேலே உள்ள ஈரமணலில், துகள்களுக்கு இடையே நிற்கும் துளி நீரின் பரப்பு இழுவிசை அவற்றைப் பிணைத்து வைத்திருக்கும். அங்கே காலை ஊன்றினால் பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்து உலர்ந்ததுபோல் ஆவதைக் காணலாம். 1885இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கு விளக்கம் தந்தார்: நெருங்கி அடுக்கப்பட்ட துகள்கள் நகரவேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறியாக வேண்டும்; அதனால் இடைவெளி பெருகி, மேற்பரப்பு நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. அந்த உறிஞ்சல் மணலை மேலும் இறுக்குகிறது. ஆகவே பொடிமணலைக் குறுக்கே மிகக் குறுகிய தூரத்தில் கடந்து, பிறகு ஈரமணலை ஒட்டி நடப்பது, தூரம் கூடினாலும் இலாபம்.

இங்கே ஓர் ஆதங்கம். சந்திரயான் திட்டத்துக்காக நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியின் பாறையைப் பொடித்து நிலவு மண்ணை ஒத்த மண் தயாரித்தார்கள். 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ஊர்தி 2023இல் நிலவில் ஓடியது. அதற்குச் செலவிட்டதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. ஆனால் நம் சொந்த மணலில் சக்கரம் ஓடுவதைப் பற்றிய ஆய்வுக்கு யார் பணம் தருகிறார்கள்? மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த மரப்பாதையை அடுத்த மாதமே மாண்டஸ் புயல் சேதப்படுத்தியது. பாதை அமைத்தது நல்ல காரியம். மணலிலேயே ஓடக்கூடிய மலிவான சக்கர நாற்காலியை இங்கேயே வடிவமைக்கவும் அதே அக்கறையோடு பணம் ஒதுக்கியிருக்கலாம்.

வண்டிக்குத் திரும்புவோம். சட்டத்தைப் பிவிசி குழாயிலேயே செய்யலாம். அச்சைச் சுமையின் எடைமையத்துக்கு ஒரு சாண் பின்னால் வையுங்கள். கைப்பிடி அச்சிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் உங்கள் கையில் இரண்டரை கிலோ மட்டுமே நிற்கும். தள்ளாமல் இழுங்கள்: மேல்நோக்கிச் சாய்ந்த இழுப்பு சக்கரத்தின் சுமையைக் குறைக்கிறது, தள்ளும்போதோ நம் விசையில் ஒரு பங்கு சக்கரத்தை மணலுக்குள் அழுத்துகிறது. பால் பேரிங் வேண்டாம். உப்பும் மணலும் அதை விரைவிலேயே அரித்துவிடும். அதோடு அதனால் கிடைக்கும் இலாபமும் அற்பம். இரண்டு செ.மீ. தடிமனுள்ள அச்சில் சாதாரண நைலான் புஷ் (அச்சைச் சுற்றிப் போடும் வழவழப்பான குழாய்த்துண்டு) போட்டால், 40 செ.மீ. சக்கரத்தில் அதன் உராய்வுக்காக நாம் கூடுதலாக இழுக்கவேண்டியது ஏறத்தாழ 300 கிராம் விசை. தளர்ந்த மணலோ கிலோக்கணக்கில் கேட்கிறது. பாயை மட்டும் சுருட்டியே கொண்டுபோய், கடலோரம் சேர்ந்தபின் விரித்துக் கட்டுங்கள். ஆறு சதுர மீட்டர் பாயின்மீது மணிக்கு 30 கி.மீ. காற்று நேராக மோதினால் இருபது கிலோவுக்கு மேல் விசை விழும், வண்டியோடு கவிழ்த்துவிடும்.

பலூன் சக்கரத்துக்குப் பஞ்சர் கடை கம்ப்ரசரில் காற்றடிக்கவே கூடாது. ஒரு நொடியில் வெடித்துவிடும். கைப்பம்பு போதும். வெயிலில் நிறுத்துவதிலும் கவனம் தேவை. உள்ளே இருக்கும் காற்றின் உண்மையான அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தை ஒன்று என்று வைத்தால், அந்த ஒன்றும் நாம் அடித்த 3 பிஎஸ்ஐக்கான 0.2உம் சேர்ந்த 1.2. டயர் 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடானால் அது 1.32 ஆகும். மொத்தத்தில் பத்து சதவீத உயர்வுதான், ஆனால் டயரை விறைப்பாக்கும் கூடுதல் அழுத்தமோ 0.2இலிருந்து 0.32 ஆகி, ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. எனவே காலையில் வீட்டு நிழலில் அளந்து அடித்த காற்று, பிற்பகலில் மணலுக்கு அதிகம்; கரைக்கு வந்தபின் வால்வை ஒருமுறை அழுத்தித் தளர்த்திக்கொண்டு இழுக்கத் தொடங்கலாம்.