காவுக்குள் தண்ணீர் பாய்ந்தால் ப்ரோம்ப்ட் சீமெந்தை எப்படிப் போடுவது

பிரான்சில் கிரெனோபிள் நகரப் பக்கத்தில் பழைய கல்வீடுகளில் திருத்த வேலை செய்கிறேன். மார்ச் மாதம் மலையில் பனி உருகத் தொடங்கினால் எனக்கு அழைப்புகளும் தொடங்கிவிடும், காவுக்குள் (நிலவறையை இங்கே நம் ஆட்கள் அப்படித்தான் சொல்வோம்) தண்ணீர் வருகிறது, உடனே வாருங்கள் என்று. போய்ப் பார்த்தால் பாதி வீடுகளில் யாரோ ஏற்கெனவே சீமெந்தை அள்ளி அப்பியிருப்பார்கள், அதன் ஓரத்தாலேயே தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்.

சாதாரண சீமெந்து இறுகத் தொடங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஓடுகிற தண்ணீர் சும்மா இருக்குமா? கரைத்துக்கொண்டு போய்விடும். இந்த இடத்துக்கென்றே இருப்பது ப்ரோம்ப்ட் என்ற இயற்கைச் சீமெந்து. பையில் ப்ரோம்ப்ட் என்று எழுதியிருக்கும், கடையில் 'ப்ரோம்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இதில் எதையும் கலப்பதில்லை. கிரெனோபிளுக்கு மேலே இருக்கிற ஷார்த்ரூஸ் மலையில் களி கலந்த சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது, அதை வெட்டி, சுட்டு, அரைத்தால் சீமெந்து. சாதாரண சீமெந்தை 1450 பாகை வரை சூடாக்கி எரிப்பார்கள், இது அதைவிடக் குறைந்த சூட்டில் சுட்டது. சாதாரண சீமெந்து மெதுவாக இறுகட்டும் என்று ஜிப்சம் சேர்ப்பார்கள், இதில் அதுவும் கிடையாது. அதனால் தண்ணீர் பட்ட இரண்டு மூன்று நிமிடத்தில் பிடித்துவிடும், தண்ணீருக்குள்ளேயும்தான்.

கல்லில் இருக்கிற களிதான் தண்ணீருக்குள் இறுகும் குணத்தைத் தருகிறது என்று சோதித்துக் காட்டியவர் லூயி விக்கா. சூயாக்கில் தோர்தோன் ஆற்றின் மேல் பாலம் கட்டிய பொறியாளர் அவர். 1818-இல் ஆய்வை வெளியிட்டார், காப்புரிமை எடுக்கவில்லை. பாரிஸில் இருப்பவர்கள் ஈஃபில் கோபுரத்தைப் பார்க்கும்போது அதில் பொறித்த 72 பெயர்களில் அவர் பெயரையும் தேடிப் பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். காவில் தண்ணீர் தேங்கியிருந்தால் முதலில் மெயின் மின்சாரத்தை நிறுத்துங்கள், அப்புறம்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். கையுறை கட்டாயம், ஈரச் சீமெந்து தோலைச் சுட்டுவிடும். வெடிப்பை உளியால் இரண்டு மூன்று சென்றிமீற்றர் ஆழத்துக்கு வெட்டித் திறக்க வேண்டும், வாய் அகலமாகவும் அடி ஒடுக்கமாகவும் வெட்டினால் போட்ட சீமெந்தைத் தண்ணீர் அப்படியே வெளியே தள்ளிவிடும், அதனால் அடிப்பக்கம் வாயை விடச் சற்று அகலமாக இருக்கட்டும். பழைய பூச்சு, பாசி, மண் எல்லாம் போய்க் கல் தெரிய வேண்டும். பக்கத்தில் ஜிப்சம் பூச்சு இருந்தால் அதையும் உடைத்து எடுங்கள். ஜிப்சம் கரைத்த வாளியில்கூட இதைக் குழைக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் பிறகு வீங்கி வெடிக்கும்.

நம் ஆட்கள் பிழை விடுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். தண்ணீர் பாய்கிற ஓட்டையையே நேராக அடைக்கப் பார்ப்பார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படி மூன்று தடவை அடைத்து, மூன்று தடவையும் தண்ணீர் பக்கத்துக் கல்லிடுக்கால் வந்து, கடைசியில் வீட்டுக்காரருக்கு விளக்கம் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன். தண்ணீர் அதிகம் வருகிற இடத்தில் ஒரு சின்னக் குழாயைச் செருகி, எல்லாத் தண்ணீரும் அதால் வெளியே போகும்படி விடுங்கள். சுற்றியுள்ள வெடிப்பை ஓரத்திலிருந்து குழாயை நோக்கி அடைத்துக்கொண்டு வாருங்கள். அழுத்தம் குழாயால் போய்விடுவதால் சீமெந்து அமைதியாக இறுகும். அது நன்றாகப் பிடித்த பிறகு குழாயை இழுத்துவிட்டு, மிஞ்சிய ஓட்டையை மட்டும் ஒரே உருண்டையால் மூடுங்கள்.

ஒழுக்கு அடைக்க மணல் வேண்டாம், தனிச் சீமெந்து போதும். ஒரு கைப்பிடி அளவு மட்டும் எடுத்து, ரொட்டி மாவு பதத்துக்குத் தண்ணீர் விட்டு வேகமாகக் குழையுங்கள். கையிலேயே உருண்டையாகப் பிடித்து வைத்திருந்தால் மினுக்கம் போய் இளஞ்சூடு தெரியும், அந்த நேரத்தில் அழுத்தி, திருகாமல் அசைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் பிடித்துக்கொண்டே நில்லுங்கள். கையை எடுத்து எட்டிப் பார்த்தால் போச்சு. வாளியில் இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு மறுபடி குழைத்துப் போடவே கூடாது, கல் மாதிரித் தெரியும், பலம் இருக்காது. குளிர் நாளில் வெதுவெதுப்பான தண்ணீர், கோடையில் குளிர்ந்த தண்ணீர். பெரிய இடத்தில் பூசும்போது நேரம் வேண்டுமென்றால் சிட்ரிக் அமிலம் சேர்த்துத் தாமதப்படுத்தலாம், ஒழுக்குக்கு அது தேவையில்லை.

ஆனால் காவில் தெரிகிற எல்லா ஈரமும் ஒழுக்கு இல்லை. ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டாவதற்குச் சீமெந்தே வேண்டாம், கோடைப் பகலில் காவு ஜன்னலைப் பூட்டி இரவில் திறந்தாலே நிறையக் குறையும். முதலாவதாக இருந்து, தண்ணீர் பாயாமல் சுவர் முழுக்க ஈரம் ஊறியிருந்தால், தயவுசெய்து சாதாரண சீமெந்தால் இறுக்கிப் பூசாதீர்கள். வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறும், அடுத்த வருடம் வரவேற்பறையில் உப்புப் பூக்கும். அப்படிப்பட்ட சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தில் கொஞ்சம் ப்ரோம்ப்ட் கலந்து பூசுகிறேன், அது சீக்கிரம் பிடிக்கும், சுவரும் மூச்சுவிடும்.

உள்ளே அடைத்து முடித்த அன்றே வெளியே போய் அந்தச் சுவருக்கு நேராகக் கூரைப் பீலித் தண்ணீர் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். பல வீடுகளில் பீலியின் இறக்குக் குழாய் உடைந்து சுவரடியிலேயே ஊற்றிக்கொண்டிருக்கும், அதைத் திருத்தாமல் போனால் அடுத்த பனி உருகும்போது அதே காவுக்கு மறுபடி வர வேண்டியிருக்கும்.