அட்வைஸ் பண்ணச் சொல்லிப் பிள்ளையை அழைத்து வராதீர்கள்

பிள்ளைகளுக்கு மனநல சிகிச்சை தருகிற என்னிடம் போன வாரமும் ஒருத்தி வந்தாள், ஒன்பதாம் வகுப்பு (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). ஏற்கெனவே ஒரு கவுன்சிலரிடம் போய்வந்தவள். அவள் நம்பிச் சொன்னதையெல்லாம் அவர் அன்று சாயங்காலமே அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். இப்போது நான் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்ற ஒரே பதில்தான். இப்படி வாய்மூடிப்போன பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

"நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க மேடம், நீங்க சொன்னா கேப்பான்." என்கிறார்கள் பெற்றோர். எடுத்துச் சொல்லத் தாத்தா, பாட்டி, ட்யூஷன் மாஸ்டர், மாமா என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதானே இங்கே வருகிறீர்கள்? என் வேலை எடுத்துச் சொல்வதல்ல, பிள்ளையை விளையாட விட்டுப் பார்த்துக் காத்திருப்பது. ஆறு வயதுப் பையன் பொம்மை வீட்டில் அப்பா பொம்மையை மட்டும் ஒவ்வொரு முறையும் கதவுக்கு வெளியே வைத்தால், "ஏன்?" என்று நான் கேட்பதில்லை. "இவர் வெளியே நிக்கிறார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். அடுத்த வாரமோ ஆறாவது வாரமோ, சொல்ல வேண்டியதை அவனே சொல்வான். "விளையாடறதுக்கா ஃபீஸ்?" என்று கேட்ட அப்பாக்கள் உண்டு.

அப்படிக் காத்திருப்பதற்குத்தான் பயிற்சி. லண்டனில் டாவிஸ்டாக் என்ற மனநல மையத்தில் 1948-இல் எஸ்தர் பிக் என்ற உளப்பகுப்பாய்வாளர் தொடங்கிவைத்த முறைப்படி, மாணவர் கைக்குழந்தை இருக்கும் ஒரு வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரமாக இரண்டு வருடம் போவார். அங்கே குறிப்பெடுக்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டும். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக இதுவரை இருந்த வழக்கமான பாதை, முதுகலைக்குப் பிறகு இரண்டு வருட எம்.ஃபில்., அதுவும் நோயாளிகளோடு. அப்புறம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு. வார இறுதி ஆன்லைன் சர்டிஃபிகேட் இதற்கு ஈடாகாது. படிப்பையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

காரில் ஏறியதும் "உள்ளே என்ன சொன்னே?" என்று துருவாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நானே உங்களைக் கூப்பிடுவேன். பாலியல் வன்கொடுமை என்றால் 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பரீட்சை வருகிறது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், சொல்லிவிட்டுப் போக ஒரு நாளாவது அழைத்து வாருங்கள், தயவுசெய்து.

"செத்துடலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால், நடிக்கிறாள் என்று நினைக்காதீர்கள், அப்பாயின்ட்மென்ட் தேதி வரட்டும் என்றும் இருக்காதீர்கள். தனியாக விடாமல் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு உடனே கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மனாஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.