முப்பத்தோராவது குழந்தை: சிறிய ஊர்ப்பள்ளியின் தேர்ச்சியும் வளமும்

மலையடிவாரத்து ஒன்றியம் ஒன்றில் வட்டாரக் கல்வி அலுவலராகப் பணியாற்றிய ஆண்டுகளில் நான் அதிகம் பார்வையிட்டவை, ஐந்து வகுப்புகளையும் சேர்த்தால்கூட நாற்பது பிள்ளைகளைத் தாண்டாத தொடக்கப் பள்ளிகள். ஆய்வுக் கூட்டங்களில் அவற்றின் கற்றல் அடைவு விழுக்காடாகவே வாசிக்கப்படும். ஐந்தாம் வகுப்பின் 8 பிள்ளைகளில் 6 பேர் ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசித்தால் 75 விழுக்காடு. அடுத்த ஆண்டு 5 பேர் வாசித்தால் 62.5. பன்னிரண்டரைப் புள்ளி ஏன் குறைந்தது என்று ஒருமுறை ஒரு தலைமையாசிரியை எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கரும்பு வெட்டுக்குப் போன பெற்றோருடன் சென்று மூன்று மாதம் பள்ளிக்கு வராமலிருந்த ஒரே ஒரு சிறுமிதான் அந்தப் பன்னிரண்டரைப் புள்ளி.

ஆகவே பெற்றோரிடம் நான் வேண்டிக் கேட்பது, இத்தகைய பள்ளியை ஓராண்டு விழுக்காட்டை வைத்து நல்லதென்றோ கெட்டதென்றோ முடிவு செய்துவிட வேண்டாம் என்பதே. பிள்ளைகளைப் பெயர் பெயராகப் பார்க்க முடிவது சிறிய பள்ளிக்கே உரிய வசதி. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்க 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், ஒவ்வொரு குழந்தையும் அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று கற்றல் நிலைகளில் ஒன்றில் வைத்துக் கற்பிக்கப்படுகிறது. ஜூன் மாதத்தில் என் மகள் எந்த நிலையில் இருந்தாள், இப்போது எந்த நிலையில் இருக்கிறாள், இடையில் எத்தனை நாள் வரவில்லை என்னும் மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடை, அச்சிட்ட எந்தத் தரவரிசையைவிடவும் பள்ளியைப் பற்றித் தெளிவாகச் சொல்லும்.

வளம் என்றதும் நம் கண் கட்டடத்துக்கும் கணினிக்கும் போகிறது. என் அனுபவத்தில், சிறிய பள்ளியின் முதன்மையான வளம் ஆசிரியர் பிள்ளைகளோடு இருக்கும் நேரமே. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் என்கிறது. ஆண்டுக்கு 200 வேலை நாள்களும் 800 கற்பித்தல் மணி நேரமும் வேண்டும் என்கிறது. ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ மருத்துவ விடுப்பிலோ போனால், அன்றைக்கு மற்றவர் செய்வது பெரும்பாலும் மேற்பார்வை மட்டுமே. பன்னிரண்டு ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் ஒருவர் இல்லாவிட்டால் ஒரு வகுப்பு தடுமாறும். ஈராசிரியர் பள்ளியில் பாதிப் பள்ளியே நின்றுவிடும். காலிப் பணியிடம் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு கூறுகிறது. ஈராசிரியர் பள்ளியில் ஓர் இடம் காலியானால் அது ஐம்பது விழுக்காடு.

பார்வையிடும்போது ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது அலுவல் அழைப்பின்பேரில் வெளியே போன நாள்) எனக் குறிக்கப்பட்ட நாள்களை எண்ணிப் பார்ப்பதைப் பிற்காலத்தில் வழக்கமாக்கிக்கொண்டேன். முன்னமே செய்திருக்க வேண்டும். ஏனெனில் அந்த அழைப்புகளில் பலவற்றில் இருந்தது என்னுடைய கையெழுத்து. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27-ஆம் பிரிவு தடுத்திருக்கிறது. ஆனால் கல்வி சார்ந்த கூட்டங்களுக்கும் புள்ளிவிவரப் பதிவேற்றத்துக்கும் அந்தத் தடை பொருந்தாது என்பதால், நேரம் அந்த வழியாகத்தான் கசிகிறது.

அடுத்தது பணம். பள்ளிக் கல்விக்காக மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி அளிக்கும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000 ரூபாய். முப்பதாவது குழந்தையோடு நின்றுவிடும் பள்ளிக்கும் இன்னும் ஒரு குழந்தை சேர்ந்த பள்ளிக்கும் இடையே 15,000 ரூபாய் வேறுபாடு. குடிநீர் மோட்டார் பழுதானால் 30 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் 300 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். மானியத்தில் குறைந்தது பத்து விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்கவும் வேண்டும். இந்த எல்லைக்கோடு சிறிய பள்ளிகளுக்கு நியாயமற்றது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு பள்ளியில் தொடர்ந்து 28, 29 என்றே சேர்க்கை இருந்துவந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவைச் சேர்ந்த இரண்டு தாய்மார்கள் ஊருக்கு வெளியே இருந்த செங்கல் சூளைக்குப் போய்ப் பார்த்தபோது, பிறப்புச் சான்றிதழும் இல்லை, மாற்றுச் சான்றிதழும் இல்லை என்பதால் பள்ளியில் சேர்க்க முடியாது என்று பெற்றோர் நம்பிக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். உண்மையில், வயதுச் சான்று இல்லாததைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் மறுக்கக் கூடாது. பள்ளியே பார்க்காத குழந்தையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும். மூவரும் சேர்ந்தார்கள், எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது. இதையே காரணமாக வைத்து, வராத பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் நிரப்பும் பழக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அதை எந்தக் குழுவும் அனுமதிக்கக் கூடாது. பெயரளவுப் பிள்ளைகள் வருகை விழுக்காட்டைக் கெடுப்பதோடு, உண்மையில் பள்ளிக்கு வெளியே நிற்கும் குழந்தையையும் மறைத்துவிடுகிறார்கள்.

மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, மானியம் செலவான விதத்தைப் பார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது ஆகிய மூன்றும் அதன் சட்டப்படியான பொறுப்புகள். ஆனால் பல ஊர்களில் தீர்மானப் பதிவேடு வீடு தேடிச் சென்று கையெழுத்து வாங்கப்படுகிறது. கூலி வேலைக்குப் போகும் தாயை மாலை ஆறு மணிக்குக் கூட்டத்துக்கு அழைத்தால் வருவார், பிற்பகல் மூன்று மணிக்கு அழைத்தால் வரமாட்டார். நேரத்தை மாற்றிய பள்ளிகளில் மட்டுமே கேள்விகள் எழுந்ததை நான் பார்த்தேன்.

அப்படியொரு கூட்டத்தில் ஒரு தாய், வீட்டு நாள்காட்டியைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தார். இரண்டாம் பருவத்தில் பள்ளிக்கு ஒரே ஆசிரியர் வந்த நாள்களையெல்லாம் பேனாவால் சுழித்து வைத்திருந்தார். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, இந்த நாள்களில் யாரை அனுப்புவீர்கள் என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியைக் குழு தீர்மானமாக எழுதி என் அலுவலகத்துக்கு அனுப்பியது. சுழித்திருந்த நாள்களைப் பயிற்சிக் கால அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவை நான் அழைத்தவை. அடுத்த பருவத்திலிருந்து அந்தப் பள்ளிக்குப் பயிற்சி விழும் நாள்களில் அருகிலிருந்த நடுநிலைப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியரை அனுப்ப ஏற்பாடு செய்தேன்.