நீலகிரியில் முதல் அரசுப் பணியா? சேரும் நாளுக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

பணியில் சேரும் முதல் நாளில் யாரும் உங்களிடம் வேலை எதிர்பார்ப்பதில்லை. உட்கார நாற்காலி கிடைத்தாலே பெரிது. ஆனால் அன்று எழுதிக் கொடுக்கும் தாள்களில் ஏறும் தேதியும் பெயரும் முன்னெழுத்தும் ஓய்வுபெறும் வரை கூடவே வரும். நீலகிரியில் ஒதுக்கீடு பெற்றவர்கள் இதோடு மலைச்சாலையையும் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழியாக இளநிலை உதவியாளராக, தட்டச்சராக, கிராம நிர்வாக அலுவலராக வருபவர்களை மனதில் வைத்து எழுதியது இது. மற்றவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஆணையில் எதைப் பார்ப்பது?

நியமன ஆணை கைக்கு வந்ததும் பெயரையும் ஊதிய நிலையையும் மட்டும் பார்த்துவிட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். போடாமல் இருப்பதே நல்லது. பார்க்க வேண்டியவை வேறு: ந.க. எண்ணும் (ஆணையின் கோப்பு எண்) தேதியும், எத்தனை நாளுக்குள் சேர வேண்டும், எந்த அலுவலரிடம் சேர வேண்டும், உடற்தகுதிச் சான்றை எந்த நிலை மருத்துவ அலுவலரிடம் பெற வேண்டும். கெடு போதாவிட்டால், அது முடிவதற்கு முன்பே எழுத்து மூலம் நீட்டிப்பு கேளுங்கள். ஃபோனில் சொன்னது கோப்பில் இருக்காது.

வருவாய்த் துறைக்கு வருபவர்கள் ஒன்றைத் தவறாமல் கவனிக்க வேண்டும். 'மாவட்ட ஆட்சியர், நீலகிரி' என்று ஆணையில் இருப்பதால் ஊட்டியில்தான் இருக்கை என்று அர்த்தமில்லை. மாவட்டத்தில் உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு வட்டங்கள். எங்கே போவது என்பது ஆட்சியர் அலுவலகத்தில் சேர்ந்த பிறகு வரும் ஆணையில்தான் தெரியும். கூடலூர் என்றால் ஊட்டியிலிருந்து இன்னும் ஏறக்குறைய 50 கி.மீ.; பந்தலூர் அதற்கும் அப்பால். அதனால் இருக்கை ஆணை கைக்கு வருவதற்கு முன் ஊட்டியில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஊட்டியிலேயே கூட, பிங்கர்போஸ்ட்டில் கூடுதல் ஆட்சியர் அலுவலகம் தனியாக இருக்கிறது. எந்த வளாகம், எந்தப் பிரிவு என்று முந்தைய நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியைத் தேர்வு செய்வது

முந்திச் சேர்ந்தால் சீனியாரிட்டி கிடைக்கும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. தேர்வாணையம் தரும் தரவரிசைப்படிதான் முதுநிலை அமையும். அதற்காக அலறியடித்து ஓட வேண்டியதில்லை. பணத்தைத் தொடும் கணக்கு வேறொன்று இருக்கிறது. தமிழக அரசில் ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று காலாண்டின் முதல் நாளில் வழங்கப்படுகிறது. எந்தக் காலாண்டில் சேர்கிறீர்களோ அதுவே உங்கள் உயர்வுக் காலாண்டு. மார்ச் 31 முற்பகலில் சேர்ந்தவருக்கு உயர்வு ஜனவரியில் வரும். ஏப்ரல் 1-இல் சேர்ந்தவருக்கு ஏப்ரலில். ஒரே ஒரு நாள் தள்ளிப்போனால் ஒவ்வோர் ஆண்டும் மூன்று மாத உயர்வு போகிறது.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், மார்ச் 31 பிற்பகலில் சேர்ந்தவருக்கு ஊதியம் மறுநாளிலிருந்துதான் கணக்காகும். ஆகவே காலாண்டின் கடைசி நாள்களில் மலையேறுபவர்களுக்கு 'எஃப்.என்.' (முற்பகல்) என்ற இரண்டெழுத்து விலையுள்ளது.

திங்கள்கிழமையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். ஆட்சியர் முதல் பிரிவுக் கண்காணிப்பாளர் வரை மனுக்களோடு இருப்பார்கள்; உங்கள் தாளில் கையெழுத்து வாங்கப் பிற்பகல் ஆகிவிடலாம்.

முந்தைய நாளே ஏறிவிடுங்கள்

அலுவலக நேரம் காலை 10 மணி. அன்று காலையில் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ பஸ் ஏறி, 10 மணிக்கு முன் ஊட்டியில் இருந்துவிடலாம் என்று திட்டமிடுவது சமவெளிக் கணக்கு. பர்லியாறுக்கு மேல் ஒரு மரம் விழுந்தாலோ ஒரு லாரி கொண்டை ஊசி வளைவில் நின்றாலோ முற்பகல் போய்விடும். மலை ரயிலை நம்பவே வேண்டாம்: காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, 46 கி.மீ. ஏறி ஊட்டி சேரும்போது நண்பகல். மழைக்காலத்தில் தண்டவாளத்தில் மண் சரிந்து ரத்தாவதும் வழக்கம்.

எந்த மாதம் எந்தப் பக்கம் மழை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், நடுவட்டம், குந்தா பக்கம் வெளுத்து வாங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம். மண்சரிவால் குன்னூர் சாலை அடைபட்டால் கோத்தகிரி சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தக் காரில் வருபவர்கள் இ-பாஸ் எடுத்து வர வேண்டும். 2024 மே 7-இல் தொடங்கிய நடைமுறை இது. டி.என். 43 பதிவெண் உள்ள உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு. அரசுப் பஸ்ஸில் வருபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலில் வேண்டாம்; இந்த மாவட்டத்தில் அதற்குத் தடை, சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள்.

தாள்கள்

அசல்கள் எல்லாமே தேவை: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்று, சாதிச் சான்று, பட்டம், தமிழ்வழிச் சான்று (அந்த ஒதுக்கீட்டில் வந்திருந்தால்), நன்னடத்தைச் சான்று, உடற்தகுதிச் சான்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று செட் நகல். நகலை இங்க்ஜெட் பிரின்டரில் எடுக்காதீர்கள். மலையின் ஈரத்தில் மை பரவும். லேசர் ஜெராக்ஸ் தாங்கும். பாஸ்போர்ட் அளவு ஃபோட்டோக்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். இடையில் வெள்ளைத்தாள் வையுங்கள்.

பிறகு ஆதார், பான், வங்கிப் பாஸ்புக். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பத்தாம் வகுப்புச் சான்றில் முன்னெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், பானில் அப்பா பெயர் விரிவாக என்று மூன்று விதமாக இருக்கும். பணிப்பதிவேட்டில் பள்ளிச் சான்றில் உள்ளபடி ஏறும். களஞ்சியம் மென்பொருளில் ஊதியத்துக்கு ஆதாரும் பானும் கேட்கும். பொருந்தாவிட்டால் ஊதியப் பட்டியல் நிற்கும். ஆணை வரும் வரை காத்திருக்காமல், கவுன்சிலிங் முடிந்ததுமே மற்ற ஆவணங்களைப் பள்ளிச் சான்றுக்கு ஏற்பத் திருத்திவிடுங்கள். திருமணமான பெண்கள் கணவர் முன்னெழுத்தைப் போட விரும்பினால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியான பிறகே போட வேண்டும். அதுவரை கையெழுத்தும் பழையபடிதான்.

மருத்துவச் சான்றில் பார்க்க வேண்டியவை: மருத்துவரின் பெயர், பதவி, பதிவு எண் தெரியும்படி முத்திரை, உங்கள் கையெழுத்து, இரண்டு அங்க அடையாளங்கள். அதே அடையாளங்கள்தான் பணிப்பதிவேட்டிலும் வர வேண்டும். முத்திரை மங்கியிருந்தால் அங்கேயே இன்னொரு முறை குத்தித் தரச் சொல்லுங்கள். மலைக்கு வந்த பின் அந்த ஒரு முத்திரைக்காகத் திரும்ப இறங்க வேண்டிவரும்.

அலுவலகத்தில்

9.30-க்குப் போய்விடுங்கள். பணியேற்பு அறிக்கையை முன்பே எழுதி எடுத்துச் செல்லலாம்: நியமன ஆணையின் எண், தேதி, பதவி, 'இன்று முற்பகல் பணியேற்றேன்' என்ற வாசகம், இணைப்புகளின் பட்டியல். அவ்வளவே போதும், நன்றியுரை வேண்டாம். இரண்டு பிரதி கொடுத்து, ஒன்றில் அலுவலகத் தபால் பிரிவின் 'பெறப்பட்டது' முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலர் முகாமுக்குப் போயிருந்தாலும் அன்று முற்பகலில் ஆஜரானதற்கு அந்த முத்திரைதான் சாட்சி.

அடுத்து ஒரு கட்டுப் படிவங்கள் வரும். 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி சொத்து, கடன் விவர அறிக்கை, திருமண நிலை உறுதிமொழி, ஓய்வூதியத் திட்ட எண்ணுக்கான விண்ணப்பம், குடும்ப நல நிதி, மருத்துவக் காப்பீடு, நியமனதாரர் படிவங்கள். சொத்து அறிக்கையில் 'இல்லை' என்று அவசரமாக எழுதிவிடாதீர்கள். உங்கள் பெயரில் தாத்தா எழுதிவைத்த கால் ஏக்கரும் சொத்துதான். இன்று விட்டுப்போனது பத்தாண்டு கழித்து விற்கும்போது கேள்வியாகும்.

பணிப்பதிவேட்டின் முதல் பக்கம் எழுதப்படும்போது பக்கத்தில் இருந்து படித்துப் பாருங்கள். பிறந்த தேதி, சொந்த ஊர், கல்வித் தகுதி, சேர்ந்த தேதி, முற்பகலா பிற்பகலா. பிறந்த தேதியைத் திருத்தக் கோரும் விண்ணப்பத்துக்குப் பணியில் சேர்ந்ததிலிருந்து ஐந்து ஆண்டுதான் கெடு. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு இப்போதே பாருங்கள்.

சம்பளமும் வீடும்

பணியாளர் எண், ஓய்வூதியத் திட்ட எண் எல்லாம் வந்து கருவூலத்தில் பட்டியல் நகர்வதற்குள் ஒன்றிரண்டு மாதம் ஓடிவிடலாம். நிலுவை சேர்ந்து வரும், ஆனால் அதுவரை வாடகையும் சாப்பாடும் உங்கள் கைக்காசுதான். முதல் பட்டியலில் மலைப் படியும் குளிர்காலப் படியும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சமவெளியிலிருந்து வருபவர்கள் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். வீடு தேடுவதை ஏப்ரல், மே சீசனில் வைத்துக்கொள்ளாதீர்கள். சிக்கவில்லை என்றால் ஜூன் வரை ஒரு விடுதி அறையில் இருந்துகொள்ளலாம்.

குளிருக்காக மூடிய அறைக்குள் அடுப்புக்கரி மூட்டி வைத்துத் தூங்குவது உயிரை எடுக்கும். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே முடித்துவிடும். தடித்த கம்பளி ஒன்று வாங்குங்கள்.

இருக்கையில் உட்கார்ந்த பிறகு

முதலில் கேட்டு வாங்க வேண்டியது தன்பதிவேடு. உங்களுக்கு முன் இருந்தவர் விட்டுச்சென்ற நிலுவை எத்தனை என்று அதில்தான் தெரியும். கோப்புகளின் பொறுப்பை ஏற்றுக் கையெழுத்திடும்போது, பட்டியலில் உள்ளவை கையில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள். காணாத கோப்பை 'காணவில்லை' என்று பட்டியலிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். பவானிசாகர் அடிப்படைப் பயிற்சிக்கு எப்போது அழைப்பார்கள் என்று கேட்டு வைப்பதும், மே, டிசம்பர் துறைத்தேர்வுகளுக்கு முதல் வாய்ப்பிலேயே விண்ணப்பிப்பதும் தகுதிகாண் பருவத்துக்கும் பதவி உயர்வுக்கும் உதவும்.

கூடலூர், பந்தலூருக்கு வருபவர்கள் முதல் வாரத்திலேயே 'செக்‌ஷன் 17 நிலம்' என்ற பேச்சைக் கேட்பீர்கள். 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்கள் அவை. பட்டா, வீட்டு மின் இணைப்பு என்று வரும் மனுக்களில் பல இதில்தான் முட்டி நிற்கும். மனுவை வாங்கிப் பதிவு செய்யுங்கள், சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு துணை வட்டாட்சியரிடம் கேளுங்கள். 'ஆயிடும், பாத்துக்கலாம்' என்று மட்டும் யாரிடமும் வாய்வார்த்தை விடாதீர்கள்.